அசோகு

என் தாய்மாமனுக்குப் பள்ளிச் சான்றிதழில் அசோகன் என்று பெயர். அவர் வேலை பார்த்த தபால் ஆபீஸில் அசோக். அம்மாச்சிக்கு மட்டும் கடைசி வரைக்கும் அசோகு. கொல்லைப் பக்கத்திலிருந்து அவர் கூப்பிட்டால், ‘கு’ சற்று இழுபட்டு வாசல் வரை கேட்கும்.

மாமா 1952-ல் பிறந்தார். அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறப்பதற்குக் குப்பன், பிச்சை என்று எமன் கண்ணில் படாத பெயராக வைப்பது அன்றைய வழக்கம். கொள்ளுப்பாட்டி பிச்சை என்று வைக்கச் சொன்னார். ஆரம்பப் பள்ளி வாத்தியாரான தாத்தா கேட்கவில்லை. குடியரசின் புதுக் காசுகள் அப்போதுதான் கைக்கு வந்துகொண்டிருந்தன. ரூபாயில் சிங்கத் தலைகள், இரண்டணாவில் காளை, காலணாவில் குதிரை. தாத்தா அவற்றை மேசையில் வரிசையாக வைத்து, இவையெல்லாம் ஒரே ராஜாவின் தூணிலிருந்து வந்தவை, பையனுக்கு அவர் பெயர்தான் என்று சொல்லிவிட்டாராம். பெயருக்கு அர்த்தம் என்ன என்று கேட்ட அம்மாச்சியிடம் ‘துக்கமில்லாதவன்’ என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த வழியைத் தேடப் போய்த்தான் நான் கல்வெட்டுகளுக்குள் நுழைந்தேன். அது நேர்வழியில் வரவில்லை. நடுவில் பல நூறு ஆண்டுகள் அதைச் சொந்த நாட்டில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

‘சோகம்’ தமிழருக்குத் தெரிந்த சொல். அதன் முன்னால் ஓர் ‘அ’ சேர்ந்தால் சோகமின்மை. மனிதனைப் போலவே மரத்துக்கும் இந்தப் பெயர் உண்டு. செந்நிறமும் ஆரஞ்சும் கலந்த பூங்கொத்து கிளையை ஒட்டியே பூக்கும் அந்த மரத்தைச் சங்கப் புலவர்கள் செயலை என்றார்கள். சமணர்கள் பிண்டி என்றார்கள், அருகக் கடவுளைப் பிண்டி நிழலில் அமர்த்தினார்கள். பின்னர் வடமொழிப் பெயர் தமிழ் ஈறு பெற்று ‘அசோகு’ ஆனது. மன்மதனின் ஐந்து மலர்க் கணைகளில் ஒன்று அது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாச்சி கூப்பிட்டது நிகண்டுகளில் இருக்கும் வடிவம் என்று தெரிந்துகொள்ள எனக்கு நாற்பது வயது ஆயிற்று. இன்று பள்ளிக்கூட மதிலோரம் ஈட்டி மாதிரி உயர்ந்து நிற்கும் மரத்தை எல்லோரும் அசோக மரம் என்கிறோம். அது நெட்டிலிங்கம். உண்மையான அசோகு குட்டையானது, படர்ந்தது, நிழல் தருவது. சீதை சிறையிருந்த வனத்தின் பெயர் அந்த மரத்தால் வந்தது. துக்கமே இல்லாத பெயருள்ள தோட்டத்தில்தான் அவள் அத்தனை நாள் அழுதிருக்கிறாள்.

வால்மீகி ராமாயணத்தில் இது ஆளின் பெயராகவும் வருகிறது. தசரதனின் எட்டு அமைச்சர்களில் ஒருவர் அசோகர். அதே பட்டியலில் சித்தார்த்தர் என்றும் ஒருவர் இருக்கிறார். அரண்மனைகளில் புழங்கிய கௌரவமான பெயராக இது இருந்திருக்க வேண்டும். மௌரியன் பிந்துசாரன் வீட்டில் அந்தப் பெயர் வந்த கதையை ‘அசோகாவதானம்’ சொல்கிறது. அரசனை நெருங்க முடியாதபடி அந்தப்புரத்துப் பெண்கள் ஒதுக்கி வைத்திருந்த ஒருத்தி, ஒருவழியாக மகனைப் பெற்றதும் இனி எனக்குச் சோகமில்லை என்கிறாள். பிள்ளைக்கு அதுவே பெயராகிவிடுகிறது. அடுத்த மகனுக்கு வீதசோகன், அதாவது சோகம் தீர்ந்தவன் என்று வைக்கிறாள். இது மன்னன் மறைந்து சில நூற்றாண்டுகள் கழித்துப் பிக்குகள் சொன்ன கதை, வரலாற்றுச் சான்று ஆகாது. ஆனாலும் ஒரு பேறுகால அறையின் மூச்சு அதில் இருக்கிறது. எங்கள் அம்மாச்சி இந்தக் கதையைக் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் அந்தத் தாயை உடனே அடையாளம் கண்டிருப்பார்.

அந்தப் பிள்ளை வளர்ந்து, பாறைகளிலும் தூண்களிலும் வேறு எந்த இந்திய அரசனும் பேசாத அளவுக்குப் பேசினான். மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவம், வழியெங்கும் கிணறு, நிழலுக்கு மரம். சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும் தாமிரபரணி எனப்பட்ட இலங்கையிலும்கூட இந்த மருத்துவ ஏற்பாடு இருந்ததாக இரண்டாம் பாறைக் கட்டளை சொல்கிறது. சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் வெகுகாலம் வாதாடினார்கள். திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் 1981-ல் கிடைத்த தமிழி எழுத்துக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியைச் சதியபுதோ என்று அழைத்து அந்த வழக்கை முடித்து வைத்தது. அசோகனின் கல்லில் இருந்த கேள்விக்கு நம் ஊர்க் குன்று ஒன்று பதில் சொன்னது.

இத்தனை பேசியவன் தன் பெயரை மட்டும் ஏறக்குறைய எங்கும் சொல்லவில்லை. கட்டளைக்குக் கட்டளை ‘தேவானாம்பிய பியதசி’ என்றே வருகிறது. தேவர்களுக்குப் பிரியமானவன், கனிவாக நோக்குபவன் என்று பொருள். பட்டம் முன்னால் வந்து நின்றது. தாய் வைத்த பெயர் வீட்டோடு தங்கிவிட்டது.

பதின்மூன்றாம் பாறைக் கட்டளை கலிங்கப் போரைச் சொல்கிறது. முடிசூடி எட்டாம் ஆண்டு, கி.மு. 261 வாக்கில் நடந்த போர். 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டார்கள், 1,00,000 பேர் கொல்லப்பட்டார்கள், அதைப் போலப் பல மடங்கு மக்கள் மடிந்தார்கள் என்று வென்றவனே கணக்குச் சொல்கிறான். இன்றைய பாகிஸ்தானில் மர்தான் அருகே ஷாபாஸ்கடி என்ற இடத்தில் உள்ள பாறையில் இந்தக் கட்டளை கரோஷ்டி எழுத்தில், வலமிருந்து இடமாக வெட்டப்பட்டிருக்கிறது. கலிங்கத்தை வென்றதனால் தேவர்களுக்குப் பிரியமானவனுக்கு உண்டானதைச் சொல்ல அங்கே வரும் சொல் ‘அனுசோசன’. பின்னால் வந்து வாட்டும் துயரம். சோகம் பிறந்த ‘சுச்’ என்ற அதே வேரில் பிறந்த சொல் அது. அசோகன் என்று பெயர் வைக்கப்பட்ட ஒருவன், அந்தப் பெயரை அங்கே போடாமல், அந்தப் பெயர் எதை இல்லை என்கிறதோ அதை மட்டும் கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இதை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கலிங்கத்தில், தௌலியிலும் ஜௌகடாவிலும், இந்தக் கட்டளையை அவன் வெட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேறு இரண்டு தனிக் கட்டளைகளை வெட்டி, எல்லா மனிதரும் என் பிள்ளைகள் என்று மட்டும் அந்த மண்ணிடம் சொன்னான். இழந்தவர்கள் முகத்துக்கு நேரே எண்ணிக்கை சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மௌரியர் ஆட்சி போனது. பிராமி எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக உருமாறி, பழைய வடிவத்தைப் படிக்க ஆளில்லாமல் போனது. ‘தேவானாம்பிரிய’ என்ற பட்டம் பிற்கால வடமொழி இலக்கண உரைகளில் மூடனைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. புராணங்களின் அரச வரிசையில் அசோகவர்தனன் என்று ஒரு வரி தங்கியது. கல்கணரின் ‘ராஜதரங்கிணி’ ஸ்ரீநகரியை நிறுவிய மன்னனாக ஓர் அசோகனைச் சொன்னது. நம் சங்கப் பாடல்களுக்கு மோரியரைத் தெரியும், அவர்களின் தேர்ச்சக்கரம் உருண்ட மலைவழியையும் தெரியும். அசோகன் என்ற பெயர் அங்கே இல்லை.

கல்லில் ஓரிடத்தில் அது பிழைத்திருந்தது. குஜராத்தில் கிர்நார் மலையடிவாரத்துப் பாறையில் அசோகனின் கட்டளைகள் இருக்கின்றன. அதே பாறையில், கி.பி. 150 வாக்கில், சகர் குலத்து ருத்ரதாமன் தான் செப்பனிட்ட சுதர்சன ஏரியின் வரலாற்றை வடமொழியில் எழுதினான். சந்திரகுப்தன் காலத்தில் கட்டப்பட்ட அணைக்கு, அசோக மௌரியனுக்காகத் துஷாஸ்பன் என்ற யவன அதிகாரி கால்வாய்கள் அமைத்தான் என்று அதில் வருகிறது. ஒரே பாறை. பெயரில்லாத அசோகனின் பேச்சு ஒரு முகத்தில், அசோகன் என்ற பெயர் இன்னொரு முகத்தில். நானூறு ஆண்டுகள் கழித்தும் ஏரிக்கரைக்காரர்கள் யார் வாய்க்கால் வெட்டினார்கள் என்பதை மறக்காமல் வைத்திருந்தார்கள்.

நாட்டுக்கு வெளியே கதை வேறாக இருந்தது. பிக்குகளின் பைகளில் பெயர் பயணப்பட்டது. சீனர்கள் அதை ஒலியால் எழுதினார்கள், பொருளாலும் பெயர்த்தார்கள். அவர்கள் நூல்களில் அவன் ‘துக்கமற்ற அரசன்’. திபெத்தியரும் பொருளையே எடுத்துக்கொண்டார்கள். மலாய்த் தீபகற்பத்தில், இன்று தாய்லாந்தின் நகோன் சி தம்மராத் இருக்கும் பகுதியை ஆண்ட மன்னர்கள் தர்மாசோகன் என்று பட்டம் சூடினார்கள். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் வந்த யுவான் சுவாங், ஊருக்கு அருகே அசோகன் கட்டியதாக ஏறக்குறைய 100 அடி உயரத் தூபி ஒன்றைக் குறிக்கிறார். பல்லவர் காலத்துக் காஞ்சியில் அந்தப் பெயரைச் சொல்லிக் காட்ட யாரோ இருந்திருக்கிறார்கள். எல்லாவற்றையும்விடப் பத்திரமாக அதை வைத்திருந்தது இலங்கை. மகேந்திரனையும் சங்கமித்திரையையும் அனுப்பிய தந்தையை அந்த நாட்டுப் பாலி நூல்கள் மறக்க வழியில்லை. பாலியில் அவன் அசோக, மெல்லிய ‘ஸ’. இன்று நாம் ‘அசோகன்’ என்று இயல்பாகச் சொல்லும்போது வருவதும் அதுதான். ‘அஷோக்’ என்று திருத்திச் சொல்பவர்கள் வடமொழிக்குப் போகிறார்கள். பேச்சுவழக்கில் சொல்பவர்கள், தெரியாமலேயே, பாலிக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

கல்கத்தா நாணயச் சாலையில் தங்கம் வெள்ளியின் மாற்றுப் பார்ப்பவராக இருந்தவர் ஜேம்ஸ் பிரின்செப். சாஞ்சித் தூபியின் கல்வேலிகளிலிருந்து படியெடுத்த சின்னச் சின்னக் கல்வெட்டுகள் 1837-ல் அவர் மேசைக்கு வந்தன. ஒவ்வொன்றும் தனித்தனி, ஆனால் பெரும்பாலானவை ஒரே இரண்டு எழுத்தில் முடிந்தன. அரசனின் ஆணை இப்படித் துண்டு துண்டாக இருக்காது. கோயிலுக்குக் கல் கொடுத்தவர்கள் தங்கள் பெயரைப் போட்டிருக்கலாம் என்று அவர் யோசித்தார். அப்படியானால் கடைசிச் சொல் ‘தானம்’. அதற்கு முன்னால் அடிக்கடி நிற்கும் எழுத்து ‘ஸ’, இன்னாருடைய என்னும் வேற்றுமை உருபு. ‘இன்னாருடைய தானம்.’ பூட்டு திறந்தது. நம் ஊர்க் கோயில்களில் டியூப்லைட்டில்கூட உபயதாரர் பெயர் இருக்கும். அந்த வழக்கம்தான் இரண்டாயிரம் ஆண்டு மௌனத்தைக் கலைத்தது. தானம் கொடுத்த அந்த முகம் தெரியாத பெண்களுக்கும் வணிகர்களுக்கும் நான் மனதில் கும்பிடு போட்டிருக்கிறேன்.

எழுத்து படிக்க வந்தது, ஆள் யார் என்று தெரியவில்லை. பியதசி இலங்கை மன்னன் தேவானாம்பிய திஸ்ஸனாக இருக்கலாம் என்று பிரின்செப் முதலில் நினைத்தார். இலங்கையில் அரசுப் பணியிலிருந்த ஜார்ஜ் டர்னர் ‘தீபவம்ச’த்தின் ஏட்டைப் புரட்டியபோது பதில் கிடைத்தது: பியதசி என்பவன் சந்திரகுப்தனின் பேரன், பிந்துசாரனின் மகன், அசோகன். கல்லையும் பெயரையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது ஒரு பனையோலை. பிரின்செப் ஓய்வின்றி உழைத்து உடல் நொறுங்கி 1840-ல் இறந்தார். நாற்பது வயது.

ஆனாலும் பிடிவாதக்காரர்களுக்கு ஒரு வாதம் மிச்சமிருந்தது. ஓலை சொல்கிறது, கல் சொல்லவில்லையே? 1915-ல், அன்றைய ஐதராபாத் நிஜாம் சீமையில், இன்று கர்நாடகத்தின் ராய்ச்சூர் மாவட்டத்தில் உள்ள மஸ்கியில், தங்கச் சுரங்கப் பொறியாளர் பீடன் ஒரு கல்வெட்டைக் கண்டார். அதன் தொடக்கத்தில் ‘தேவானாம்பியஸ அஸோகஸ’ என்று இருந்தது. தேவர்களுக்குப் பிரியமான அசோகனுடைய. பட்டமும் பெயரும் கடைசியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பிறகு மத்தியப் பிரதேசத்தின் குஜ்ஜராவிலும், பெல்லாரி மாவட்டத்தின் நிட்டூரிலும் உடேகோளத்திலும் இன்னும் சில கிடைத்தன. தென்னாட்டில் நிஜாம் சீமைப் பாறையில் சொன்ன பெயரைத் தலைநகருக்கு அருகே அவன் ஏன் சொல்லவில்லை என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. புது ஊருக்குப் போகிறவன் பட்டத்தோடு பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். கல்புர்கி அருகே கனகனஹள்ளியில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த தூபிச் சிற்பம் ஒன்றில் அரசனும் அரசியும் பணிப்பெண்களோடு நிற்கிறார்கள். அருகே பிராமியில் அசோக ராஜா என்று பெயர் எழுதியிருக்கிறது. செதுக்கியவர்கள் அவனைப் பார்த்தவர்கள் இல்லை. அவன் மறைந்து சில தலைமுறை கடந்த பிறகும் பெயர் தெரிந்தவர்கள்.

மஸ்கிக் கல்வெட்டு கிடைப்பதற்கு முன்பே பெயர் தொட்டில்களுக்கு வர ஆரம்பித்திருந்தது. ராமன், கிருஷ்ணன், சுப்பிரமணியன் என்று கடவுள் பெயரும் தாத்தா பெயரும் நிறைந்த நாட்டில் வரலாற்றுப் புத்தகத்திலிருந்து பிள்ளைக்குப் பெயர் எடுப்பது புது வழக்கம். வின்சென்ட் ஸ்மித் அசோகனைப் பற்றித் தனி நூல் எழுதியது 1901-ல். சாரநாத்தின் சிங்கத் தலை மண்ணிலிருந்து வெளியே வந்தது 1905-ல். சோஷலிஸ்ட் தலைவர் அசோக் மேத்தா பிறந்தது 1911-ல், பின்னாளில் சட்ட அமைச்சரான அசோக் குமார் சென் 1913-ல். படித்த குடும்பங்கள், தங்களுக்கும் ஒரு பெரிய அரசன் இருந்தான் என்ற நிமிர்வோடு இந்தப் பெயரை எடுத்துக்கொண்டன. 1936-ல் பம்பாய் டாக்கீஸ் தன் ஆய்வகத்தில் வேலை பார்த்த குமுத்லால் கங்குலியைக் கதாநாயகனாக்கி அசோக் குமார் என்று பெயர் சூட்டியது. அதற்குப் பிறகு நாடு முழுக்க அசோக்குமார்கள் பிறந்தார்கள். 1947 ஜூலை 22-ல் கொடியில் 24 ஆரக் கால் சக்கரம் ஏறியது. 1956-ல் அம்பேத்கர் நாக்பூரில் பௌத்தம் தழுவ அசோக விஜயதசமி நாளையே தேர்ந்தெடுத்தார். அவரோடு பௌத்தம் தழுவிய மக்களிடையே அசோக் என்பது வெறும் நாகரிகப் பெயராக இருக்கவில்லை. சாதியைக் காட்டிக்கொடுக்காத, தாங்களே தேர்ந்தெடுத்த முன்னோரின் பெயராக இருந்தது.

தமிழ்நாட்டுக்குப் பெயரைப் பெரிதாகக் கொண்டுவந்தது சினிமாவும் பாடப்புத்தகமும். 1941-ல் வந்த ‘அசோக் குமார்’ படத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதர் அசோகனின் மகன் குணாளனாக நடித்தார், சித்தூர் வி. நாகையா அசோகனாக. திருச்சிக்காரர் ஆன்டனி திரைக்கு வந்து எஸ்.ஏ. அசோகன் ஆனார், ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தின் ஆஷ் துரை அவர்தான். செகந்திராபாத்தில் பிறந்த தியாகராஜன் ‘அசோகமித்திரன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டு, சாதாரண மனிதர்களின் சின்னத் துக்கங்களை அத்தனை அமைதியாக எழுதினார். சென்னையில் அசோக் நகர் வந்தது, அதன் முனையில் சிங்கத் தூண் வந்தது. ‘அசோக் பில்லர் இறங்கு’ என்று நடத்துநர்கள் ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தப் பெயரைக் கூவியிருப்பார்கள்!

பேருந்து என்றதும் ஒன்று. பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் அசோக் யார் என்று சிறுவயதில் மாமாவைக் கேட்டிருக்கிறேன். சக்கரவர்த்திதான், வேறு யார் என்றார். அது சக்கரவர்த்தி இல்லை. 1948-ல் ரகுநந்தன் சரண் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டும் தொழிற்சாலையைத் தொடங்கியபோது, தன் மகன் பெயரால் அசோக் மோட்டார்ஸ் என்று வைத்தார். 1955-ல் லேலண்ட் சேர்ந்துகொண்டது. நம் ஊர்ச் சாலையெல்லாம் ஓடுவது ஒரு தகப்பன் தன் பிள்ளையைக் கூப்பிட்ட பெயர். எனக்கு இதுதான் அதிகம் பிடித்திருக்கிறது.

இந்தத் தகவலைச் சொல்லப் போன வருஷம் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து, ஒரு பழைய தபால் உறையின் பின்பக்கம் மஸ்கியில் உள்ளபடி அவர் பெயரைப் பிராமியில் எழுதிக் காட்டினேன். அ, ஸோ, க, ஸ. நான்கு எழுத்து. அதில் ‘க’ வெறும் கூட்டல் குறி.

“இவ்வளவுதானா?” என்றார். “கடைசி எழுத்து எதுக்குடா? என் பேரு அசோகன்தானே.”

“அது ‘உடைய’ மாமா. அசோகனுடைய.”

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் மற்றவர் பெயரைப் படித்துப் படித்துக் கொடுத்த கண். என் கையிலிருந்து பேனாவை வாங்கி அந்த ‘ஸ’வை அடித்தார்.

“கு போடணும்னா எப்படிப் போடுவே?”

கூட்டல் குறியின் காலடியில் வலப்பக்கமாக ஒரு சின்னக் கோடு என்றேன். மெதுவாக, கை நடுங்காமல், அந்தக் கோட்டைப் போட்டார். உறையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காப்பி ஆறுகிறது பார் என்றார்.